பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தில் மகன் சித்தியடையவில்லை: அவனிடம் எப்படிப் பேசுவது?

உப்புவெளித் தகப்பன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் உப்புவெளியில் வசிக்கிறேன். திருகோணமலை நகரில் ஓர் அரச அலுவலகத்தில் பணிபுரிகிறேன். என் மூத்த மகன் தென்பகுதியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்து, இப்போது இரண்டாம் வருடத்தைத் தொடங்கியிருக்கிறான். முதலாம் வருடத்தின் இரண்டாம் அரையாண்டில் புள்ளிவிபரவியல் பாடத்தில் அவனுக்கு ஈ தரம் வந்திருக்கிறது. பெறுபேறு வெளியாகி ஏழு வாரங்கள் கழிந்த பிறகே எங்களுக்கு அது தெரியவந்தது. அதுவும் அவன் சொல்லி அல்ல. அவனுடன் படிக்கும் ஒரு பிள்ளையின் தாயார், எங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று எண்ணிக்கொண்டு, பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் என் மனைவியிடம் ஆறுதலாக விசாரித்தபோதுதான்.

அன்றிரவே அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஏழு வாரமாக மறைத்தான் என்ற வேதனையில், "உன்னை நம்பித்தானே நாங்கள் ஊரில் தலைநிமிர்ந்து நடந்தோம்" என்று சொல்லிவிட்டேன். அவன் "சரி அப்பா" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தான். இன்றோடு பதின்மூன்று நாட்களாகிவிட்டன. என் அழைப்புகளுக்கு அவன் பதில் தருவதில்லை. தாய்க்கு மட்டும் "சாப்பிட்டேன்", "வகுப்பில் இருக்கிறேன்" என்று குறுஞ்செய்தி அனுப்புகிறான்.

உயர்தரத்தில் இணைந்த கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளை, கணிதம் சார்ந்த ஒரு பாடத்திலேயே எப்படித் தவறினான் என்பது எனக்கு விளங்கவில்லை. "மாவட்ட ஒதுக்கீட்டில் போன பிள்ளை, கொழும்புப் பிள்ளைகளோடு ஓட முடியுமா?" என்று எங்கள் உறவினர் ஒருவர் என் முன்னாலேயே சொன்னார். அதற்கு நான் ஒரு பதிலும் சொல்லாமல் இருந்ததுதான் இப்போது என்னை அதிகம் உறுத்துகிறது.

நான் பாட விரிவுரையாளரைத் தொடர்புகொண்டு பேசலாமா? கடன் வாங்கியாவது கொழும்பில் ஒரு தனிப்பட்ட ரியூசன் ஒழுங்கு செய்யலாமா? சில வாரங்களுக்கு அவனை வீட்டுக்கு அழைத்துவந்துவிடுவோம் என்று என் மனைவி சொல்கிறார். எல்லாவற்றுக்கும் முன்னதாக, அவனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பெரும் உதவியாக இருக்கும்.


நிலாவெளி வீதி விரிவுரையாளர் எழுதியது:

ஐயா, உங்கள் கேள்விகளில் விடை எளிதானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். விரிவுரையாளருக்கு நீங்கள் நேரடியாகத் தொலைபேசி எடுக்க வேண்டாம். உங்கள் மகன் வயது வந்த மாணவன்; அவனுடைய பெறுபேறு பற்றி அவன் அறியாமல் தந்தையுடன் உரையாட எந்த விரிவுரையாளரும் தயங்குவார். அதைவிட முக்கியம், அப்படி ஓர் அழைப்பு போனதை அவன் பின்னர் அறிந்தால், இப்போது மூடியிருக்கும் கதவு பூட்டப்பட்டுவிடும். கடன் வாங்கி ரியூசன் ஒழுங்கு செய்வதையும் நான் இப்போது பரிந்துரைக்க மாட்டேன். எந்த இடத்தில் தவறியது என்று தெரியாமல் எடுக்கும் வகுப்பு, நோயை அறியாமல் கொடுக்கும் மருந்துக்கு ஒப்பானது.

இனி ஈ தரம் என்றால் என்ன என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பெற்றோர்கள் இதைப் பெரும்பாலும் உயர்தரப் பரீட்சையில் தவறியதைப் போலவே விளங்கிக்கொள்கிறார்கள். உயர்தரத்தில் ஒரு பெறுபேறு வாழ்க்கையின் திசையையே மாற்றிவிடுகிறது. பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம், பல பாடங்களில் ஒன்று. ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் என்ற ஓர் அளவும், ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு புள்ளியும் உண்டு: ஏ தரத்துக்கு 4.00, பி தரத்துக்கு 3.00, சி தரத்துக்கு 2.00, ஈ தரத்துக்குச் சுழியம். கிரெடிட்டையும் புள்ளியையும் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் வருவதே ஜீ.பி.ஏ. முதலாம் வருடத்தில் 30 கிரெடிட் இருக்கிறது என்றும், அவன் தவறிய பாடம் 3 கிரெடிட் என்றும், மற்ற 27 கிரெடிட்டிலும் சராசரியாக 3.00 எடுத்திருக்கிறான் என்றும் வைத்துக்கொள்வோம். இன்றைய நிலையில் அவனுடைய ஜீ.பி.ஏ. 2.70 ஆக இருக்கும். அந்தப் பாடத்தில் மீளத் தோற்றி சி எடுத்தால் அது 2.90 ஆகும். பட்டம் முழுவதற்கும் 120 கிரெடிட் என்று கொண்டு, மற்ற 117 கிரெடிட்டில் சராசரி 3.20 எடுத்தால், இறுதியில் கிடைப்பது 3.17. அதாவது, இந்தத் தவறு பட்டத்தின் முடிவில் அவனிடமிருந்து எடுத்துக்கொள்வது 0.03 மட்டுமே.

சி தரத்தை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மீளத் தோற்றுபவர் எவ்வளவு சிறப்பாக எழுதினாலும், பொதுவாக சி தரத்துக்கு மேல் பதிவு செய்யப்படுவதில்லை. மருத்துவச் சான்றிதழை உரிய காலத்தில் சமர்ப்பித்து, அது ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தால் மட்டும், அடுத்த முறை முதல் தடவையாகவே கருதப்படும். அவன் பரீட்சைக் காலத்தில் காய்ச்சலாக இருந்து அதை யாரிடமும் சொல்லாமல் எழுதியிருந்தால், இந்த விதி அவனுக்கு இப்போது உதவாது. ஆனால் இனிவரும் பரீட்சைகளுக்கு அவன் இதை அறிந்திருக்க வேண்டும். வகுப்புச் சித்திக்கு, அதாவது பட்டத்தை முதல் அல்லது இரண்டாம் வகுப்பில் பெறுவதற்கு, பல பீடங்களில் 3.00, 3.30, 3.70 என்ற எல்லைகள் இருந்தாலும், வேறு நிபந்தனைகளும் பீடத்துக்குப் பீடம் மாறுபடும். அவற்றை அவனுடைய பீடத்தின் மாணவர் கைநூலில் அவனே பார்த்துக்கொள்வான்.

உயர்தரத்தில் ஏ எடுத்தவன் எப்படித் தவறினான் என்று கேட்டிருந்தீர்கள். நான் இதை ஒவ்வொரு வருடமும் காண்கிறேன். இணைந்த கணிதத்தை நம் பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள். நியம விலகல், மாறற்றிறன் என்ற சொற்களோடு அந்தக் கருத்துகள் அவர்கள் மனதில் பதிந்திருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் அதே கருத்துகள் ஸ்டாண்டர்ட் டீவியேசன், வேரியன்ஸ் என்ற பெயர்களில், வேகமான ஆங்கில விரிவுரையில் வந்து விழுகின்றன. என் வகுப்பில் இருந்த ஒரு மாணவி, வேரியன்ஸ் என்பது தான் ஏற்கெனவே நன்றாகப் படித்த மாறற்றிறன்தான் என்பதை ஆறாவது வாரத்தில்தான் கண்டுகொண்டாள். அதுவரை அது ஏதோ புதிய விடயம் என்று பயந்து, ஒவ்வொரு நாளும் பின்வரிசையில் அமர்ந்திருந்தாள். இதைக் கேட்டபோது எனக்கு அவள்மீது அல்ல, அந்த ஆறு வாரமும் கவனிக்காமல் பாடம் நடத்திய என்மீதுதான் வருத்தம் வந்தது. உங்கள் மகனுக்கும் இதுவே நடந்தது என்று நான் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் "ஏன் தவறினாய்?" என்று கேட்பதைவிட, "எந்த இடத்தில் விளங்காமல் போனது?" என்று கேட்டால் இப்படிப்பட்ட ஒரு பதில் வெளிவர வாய்ப்புண்டு.

அந்த உறவினரின் பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. விஞ்ஞான, கணிதத் துறைகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் தரவரிசைப்படியும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 சதவீதம் கல்வி வசதியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. மாவட்ட அடிப்படையில் நுழைபவர்கள் நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள்; கொழும்பு மாவட்டத்துக்கும் அதில் பங்குண்டு. ஆகவே அது எவருக்கும் இடப்பட்ட பிச்சை அல்ல. பௌதிகவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாத பாடசாலைகளிலிருந்து வந்து முதல் வகுப்பில் சித்தியடைந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். உங்கள் மகன் அந்தப் பேச்சைக் கேட்டிருக்க மாட்டான் என்று நம்புகிறேன். கேட்டிருந்தால், நீங்கள் அதை ஏற்கவில்லை என்பதை உங்கள் வாயால் அவனுக்குச் சொல்ல வேண்டும்.


தம்பலகாமத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

விரிவுரையாளர் கூறிய கணக்கை மதிக்கிறேன். இருந்தாலும் எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து இருக்கிறது. பாடத்தில் தவறியது பிழையல்ல. ஏழு வாரம் பெற்றோரிடம் மறைத்தது பிழைதான். அதைப் பிழை என்று சொல்லாமல் தடவிக்கொடுத்தால், நாளை இதைவிடப் பெரிய விடயத்தையும் மறைக்க அவன் பழகிவிடுவான். முப்பத்தொரு வருடம் வகுப்பறையில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன், பிள்ளைகளுக்குக் கண்டிப்பும் ஒருவகை ஆதரவுதான். நீங்கள் அன்று பேசியதற்காக அளவுக்கு மீறி உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் வீட்டுக்கு அழைத்துவருவதை மட்டும் நான் விரும்பவில்லை. இரண்டாம் வருட விரிவுரைகள் தொடங்கிவிட்ட நிலையில் இரண்டு வாரம் வராமல் இருந்தால், வரவு குறைந்து இன்னொரு பாடத்திலும் சிக்கிவிடுவான். பெரும்பாலான பீடங்களில் 80 சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கே அனுமதிக்க மாட்டார்கள்.


கிண்ணியா மகள் எழுதியது:

ஐயா, நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடத்தில் பௌதிக இரசாயனத்தில் தவறியவள். இன்று கிண்ணியாவில் விஞ்ஞான ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். உங்கள் பதிவைப் படித்தபோது, என் வாப்பாதான் எழுதியிருக்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

மறைப்பது எப்படி நடக்கிறது என்பதை, மறைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன். பெறுபேறு வந்த அன்று, இன்றிரவு சொல்லலாம் என்று நினைத்தேன். அன்றிரவு உம்மா பேசும்போது, பக்கத்து வீட்டாரிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதைக் கூறினார். என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் சொன்னால் "நேற்றே ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி வரும் என்று பயந்தேன். ஒரு வாரம் கழிந்தபோது, பாடத்தில் தவறியதைவிட மறைத்தது பெரிய சுமையாகிவிட்டது. உணவு நேரத்தில் என் பச் பிள்ளைகள், அதாவது என் வருடத்தில் படிப்பவர்கள், பெறுபேற்றைப் பற்றிப் பேசுவார்கள் என்பதால், விடுதி உணவறைக்குப் போவதையும் நிறுத்தினேன். நோன்புப் பெருநாளுக்கு, பரீட்சை இருக்கிறது என்று பொய் சொல்லி வீட்டுக்குப் போகாமல் விடுதியிலேயே தங்கினேன். மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா சொல்வது போல் மறைத்தது பிழைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிழையை என்னைவிடக் கடுமையாக வேறு எவரும் எனக்குச் சுட்டிக்காட்டியிருக்க முடியாது.

பெருநாளுக்கு மறுநாள் வாப்பா பஸ் ஏறி, ஒரு போத்தலில் வட்டிலாப்பத்தோடு விடுதி வாசலுக்கு வந்தார். எவரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். நூலகத்துக்குப் பக்கத்து மரத்தடியில் அமர்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் மகள், ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம்" என்றார். பாடத்தைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான்தான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அழுத்திக்கொண்டிருந்தது பாடம் அல்ல, ஊரின் வாய் என்பதை அவர் எப்படி அறிந்தார் என்று இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

உங்கள் மகன் உங்கள் வார்த்தையில் கேட்டதும் அதுவாகவே இருக்கும். "ஊரில் தலைநிமிர்ந்து நடந்தோம்" என்றால், தன்னால் அப்பாவின் தலை குனிந்துவிட்டது என்றே அவனுக்குக் கேட்டிருக்கும். ஆகவே, அழைப்புக்குப் பதில் சொல்லும்படி கேட்காமல், ஒரு செய்தி மட்டும் அனுப்புங்கள். அன்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக வருந்துகிறேன் என்று எழுதுங்கள். அதைத் தொடர்ந்து "ஆனால்" என்று எதையும் எழுத வேண்டாம். அடுத்த நாள் பதில் வராவிட்டாலும் பொறுத்திருங்கள்.

மீளத் தோற்றும் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் இன்னும் நீண்டது. அந்தப் பாடம் வருடத்துக்கு ஒருமுறைதான் நடந்தது. எனவே எனக்கு இளையவர்களோடு அமர்ந்து பரீட்சை எழுத வேண்டியிருந்தது. முதல் நாள் அவர்களுடைய விரிவுரை மண்டபத்துக்குள் நுழைவதற்கு என் கால்கள் மறுத்தன. என் இரண்டாம் வருட ஆய்வுகூட நேரத்தோடு அந்த விரிவுரை மோதியதால், பாதி விரிவுரைகளுக்கு மட்டுமே போக முடிந்தது. என்னைக் காப்பாற்றியது குப்பி. பல்கலைக்கழகம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பரீட்சைக்கு முன்னர், பாடம் நன்றாக விளங்கிய ஒரு மாணவர் மற்றவர்களை இருத்திவைத்துச் சொல்லிக்கொடுப்பதையே குப்பி என்கிறோம். மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு சீனியர் அக்கா எனக்காகவே ஐந்து இரவுகள் தமிழில் குப்பி எடுத்தார். அதற்கு அவர் ஒரு சதமும் வாங்கவில்லை. கடன் பட்டு ரியூசன் தேடுவதற்கு முன்னர், தமிழ்ச் சீனியர் ஒருவரிடம் கேட்கும்படி மகனிடம் சொல்லுங்கள்; கேட்பதற்குத்தான் தைரியம் தேவைப்படும். எனக்கு சி கிடைத்தது. அந்த ஒரு சி தரத்துக்கு மகிழ்ந்த அளவுக்கு, வேறு எந்த ஏ தரத்துக்கும் நான் மகிழ்ந்ததில்லை.


தாதிய உத்தியோகத்தர் ஒருவர் எழுதியது:

சுருக்கமாக ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தாய்க்குச் செய்தி அனுப்புகிறான் என்பது நல்ல அறிகுறி. அந்த நூலை அறுந்துபோக விடாதீர்கள். ஆனால் அவன் உறக்கமில்லாமல் இருப்பதாகவோ, அறையை விட்டு வெளியே வராமல் இருப்பதாகவோ, தன் பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவதாகவோ, தான் இருந்து என்ன பயன் என்ற பொருளில் பேசுவதாகவோ தெரியவந்தால், பொறுத்திருக்க வேண்டாம். அன்றே புறப்பட்டுப் போங்கள். அவனுடன் அறையில் தங்கியிருக்கும் பிள்ளையிடமும், பீடத்தின் மாணவ ஆலோசகரிடமும் அப்போது பேசலாம். அது உளவு பார்ப்பதாகாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். பெற்றோரும் அழைக்கலாம்.


உப்புவெளித் தகப்பன் எழுதியது:

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கிண்ணியா மகள் சொன்னபடி மூன்று வரிகள் மட்டும் எழுதி அனுப்பினேன். அதில் "ஆனால்" என்ற சொல் இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் அழித்தேன். உறவினரின் பேச்சை நான் ஏற்கவில்லை என்பதையும், வேறு எவரிடமும் இதைப் பேசமாட்டோம் என்பதையும் எழுதினேன். அவரிடமும் நேரில் சென்று, இனி என் மகனைப் பற்றி அப்படிப் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு மூத்தவர் அவர். அது கடினமாகவே இருந்தது.

மூன்றாம் நாள் இரவு மகன் தானாகவே அழைத்தான். முதலில் தாயோடு பேசிவிட்டு, "அப்பாவிடம் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறான். நான் பாடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இங்கே மழை தொடங்கிவிட்டதா என்று அவன் கேட்க, வாடைக்காற்று எழுந்துவிட்டதையும் உப்புவெளியில் தோணிகளைக் கரைக்கு இழுத்துவிட்டதையும் சொன்னேன். சிறிது நேரம் கழித்து அவனாகவே சொன்னான். தொடர் மதிப்பீட்டில் அவன் நாற்பதுக்கு இருபத்தாறு எடுத்திருக்கிறான். இறுதிப் பரீட்சையில் வினாக்கள் நீண்ட ஆங்கிலப் பந்திகளாக இருந்தனவாம். எது தரப்பட்டிருக்கிறது, எதைக் கேட்கிறார்கள் என்று பிரித்தறிவதற்குள் நேரம் போய்விட்டதாம். ஐந்து வினாக்களில் இரண்டைத்தான் முழுமையாகச் செய்திருக்கிறான். விரிவுரையாளர் ஐயா எழுதியதை நான் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். வேரியன்ஸ், மாறற்றிறன் என்ற இடம் வந்ததும், "எனக்கும் அப்படித்தான் அப்பா" என்றான். பிறகு அந்தக் கணக்கை என்னைத் திரும்ப வாசிக்கச் சொல்லி, தன்னுடைய உண்மையான புள்ளிகளை இட்டுத் தானே போட்டுப் பார்த்தான்.

உயர்தரக் காலத்து இணைந்த கணிதக் குறிப்புப் புத்தகங்களை அனுப்பிவைக்கும்படி கேட்டிருக்கிறான். நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் உள்ள பகுதிகளில் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொள்ளப் போகிறானாம். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்து, மழையில் நனையாமல் இரண்டு பொலித்தீன் உறைகளில் சுற்றிவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவுப் புகையிரதத்தில் கொழும்பு செல்லும் என் அலுவலக நண்பர் கொண்டுபோவார். என் மனைவி பயற்றம் பணியாரமும் சுட்டு வைத்திருக்கிறார்.

விரிவுரையாளர் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி. மீளத் தோற்றுவதற்கு அவன் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா, அல்லது தானாகவே பெயர் சேர்க்கப்படுமா?


நிலாவெளி வீதி விரிவுரையாளர் எழுதியது:

பெரும்பாலான பீடங்களில் மாணவரே விண்ணப்பிக்க வேண்டும் ஐயா. இறுதித் திகதி தவறினால் இன்னொரு வருடம் காத்திருக்க நேரிடும். பீட அலுவலகத்தில் கேட்டு, அந்தத் திகதியை உங்களுக்கு அறிவிக்கும்படி அவனிடமே சொல்லுங்கள். புத்தகங்களோடு ஒரு வெற்றுக் கொப்பியையும் சேர்த்து அனுப்புங்கள். சொற்களை எழுதிக்கொள்ளப் புத்தக ஓரத்தில் இடம் போதாது.